நல்லமிளகும் பிசாசு முட்டையும்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் ஒரு விருந்து உண்டு. யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வீட்டுக்கு ஒரு பண்டம், அவ்வளவுதான். ஆண்டு தவறாமல் நான் முந்திரிக்கொத்துதான் கொண்டுபோவேன். போன டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள், “அத்தை, இந்தத் தடவை டெவில்ட் எக் பண்ணுவோம்” என்றாள். அங்கே விருந்து என்றால் அது இல்லாமல் நடக்காதாம். முட்டையை அவித்து, இரண்டாக வகுந்து, மஞ்சள் கருவை எடுத்துக் காரம் சேர்த்துப் பிசைந்து, மறுபடி குழியிலேயே வைப்பது. இவ்வளவுதானா என்று சம்மதித்துவிட்டேன்.

தெரு வாட்ஸப் குழுவில் பண்டத்தின் பெயரைப் போட்டு அரை மணி நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டு மைனி படியேறி வந்துவிட்டார்.

“ஏசு பொறந்த நாளும் அதுவுமா பிசாசு முட்டையா கொண்டு வாறிய?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மைனி நினைத்ததை அமெரிக்காவிலும் நினைத்திருக்கிறார்கள். அங்கே சர்ச் விருந்துகளில் பிசாசின் பெயர் வேண்டாமென்று ‘அடைத்த முட்டை’ என்பார்களாம். இன்னும் சில இடங்களில் அது ‘தேவதை முட்டை’. மருமகள் சொன்னதும் மைனிக்கு ஒரே திருப்தி. பாவம், பிசாசுக்கு இதில் பெரிய பங்கு ஒன்றும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் நாக்கை எரிக்கிற சமையலுக்கு வைத்த பெயர் அது. நரகம் எரியும், மிளகும் கடுகும் எரியும் என்ற கணக்கு. கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் கோழி, இறால், உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றையும் ‘டெவில்’ பண்ணித்தான் தருகிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு சின்ன கர்வம். எங்கள் பக்கம் மிளகுக்குப் பெயர் நல்லமிளகு. வெறும் மிளகு என்றால் மிளகாய். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கி, மிளகின் பெயரையே எடுத்துக்கொண்டபோது, பழைய ஆளுக்கு முன்னால் ‘நல்ல’ என்று ஓர் அடைமொழி போட்டு மரியாதையைக் காப்பாற்றிவிட்டார்கள் நம் ஆட்கள். அபிசியஸ் பெயரில் கிடைக்கும் ரோமானியச் சமையல் நூலில் அவித்த முட்டைக்கு ஒரு குழம்பு இருக்கிறது: மிளகு, ஊறவைத்த பைன் கொட்டை, தேன், காடி, புளித்த மீன்சாறு. நம் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் போன மிளகு இது. ஆக, முட்டைமேல் மிளகு தூவுவதை இந்தக் கடற்கரைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

முட்டை அவிப்பதைத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதுவும் எனக்கு.

அமெரிக்காக்காரிக்கு முன்னால் நம் பெருமை குறையக் கூடாதென்று, தெரிந்த வீட்டில் சொல்லிவைத்து, அன்று இட்டது, முந்தின நாள் இட்டது என்று பார்த்துப் பார்த்து 24 நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன். அவித்து உரித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறது. ஐந்தாவது முட்டையும் எலி கரம்பிய தேங்காய் மாதிரி ஆனதும் மருமகள் மெல்லச் சொன்னாள்: “ரொம்பப் புதுசு அத்தை, அதான்.” புது முட்டையின் வெள்ளைக்கரு ஓட்டின் உள்தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். நாள் ஆக ஆக, உள்ளே இருக்கும் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறி, கருவின் காரத்தன்மை கூடி, பிடி தளர்ந்துவிடும். ஒரு வாரப் பழசுதான் உரிப்பதற்குச் சுகம். கடைசியில் தெருமுனைக் கடையில் தட்டில் அடுக்கியிருந்த நாமக்கல் முட்டைதான் மானத்தைக் காப்பாற்றியது. பிய்ந்துபோன நாட்டு முட்டைகள் அன்று ராத்திரிக்கு முட்டை அவியலாயின. அதில் முகம் பார்ப்பார் யாரும் இல்லை.

தண்ணீர் கொதித்ததும் முட்டையை இறக்கி, முதல் இரண்டு மூன்று நிமிடம் கரண்டியால் மெல்லச் சுற்றிவிட்டால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். 12 நிமிடத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். மறந்தால் கருவைச் சுற்றிப் பாசி பிடித்தாற்போல் ஒரு வளையம். கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலுள்ள கந்தகமும் சேர்கிற வேலை அது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. வகுக்கக் கத்தி வேண்டாம். தையல் நூலை இருகையிலும் இழுத்துப் பிடித்து ஓர் அழுத்து.

பிசைவதற்கு மயோனைஸ் வேண்டும் என்றாள். பச்சை முட்டைக் கருவில் எண்ணெய் விட்டு வீட்டிலேயே அடித்துவிடலாமாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்ட கதையைச் சொன்னேன். தடை இருந்தது கடைகளுக்குத்தான், நம் அடுக்களைக்கு இல்லை. ஆனாலும் சால்மோனெல்லா கடை, வீடு பார்த்தா வரும்? தெருப் பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள்.

அப்போதுதான் கையிலிருந்த மஞ்சள் கருவை விரலால் உதிர்த்துப் பார்த்தேன். வெந்து மாவாக, நெஞ்சை அடைக்கிற வறட்சியோடு இருந்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கும் இதே குணம்தானே! அதற்கு எங்கள் பக்கம் துணைக்கு என்ன வைப்போம்?

காந்தாரி மிளகாய் சதைத்ததைத்தான். அதன் செடி கொல்லையில் நிற்கிறது. நான் நட்டதில்லை, பறவை போட்டது. காந்தாரியின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. மற்ற மிளகாய் பெரும்பாலும் தலைகுனிந்து தொங்கும். காந்தாரி நகக்கண் அளவே இருந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். இருபது பறித்தேன். பத்து உள்ளி, கல்லுப்பு, காந்தாரி மூன்றையும் அம்மியில் சதைக்க வேண்டும். மைய அரைத்தால் போச்சு. அதில் தேங்காயெண்ணெய் நாலு கரண்டி. மஞ்சள் கருவோடு சேர்த்து, தேங்காயின் கெட்டியான முதல் பால் அரைக் கோப்பை விட்டு, எலுமிச்சை பிழிந்து பிசைந்தபோது வெண்ணெய்போல் திரண்டது. மருமகள் ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். மயோனைஸைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

பால் கவரைக் கழுவித் துடைத்து, மூலையில் சிறிதாக வெட்டி, அதற்குள் கலவையை அடைத்துப் பிதுக்கினோம். வழுக்கி ஓடும் முட்டைகளை எங்கே நிறுத்துவது என்று யோசித்து உண்ணியப்பச் சட்டியை எடுத்தேன். குழிக்கு ஒரு பாதி, அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அதில் ஏழு, மீதியை வாழையிலை விரித்த தட்டில் துருவிய தேங்காயைப் பரப்பி நிறுத்தினோம். மேலே நல்லமிளகைப் பொடித்துத் தூவியது நான்.

விருந்தில் பண்டத்துக்குப் பண்டம் பெயர்ச்சீட்டு வைப்பது வழக்கம். எங்கள் தட்டுக்கு முன்னால் மருமகள் எழுதிய சீட்டை மைனி எடுத்தார். பேனா வாங்கி, முன்பாதியை அடித்து, ‘காந்தாரி’ என்று எழுதி, ‘முட்டை’யை மட்டும் இருக்கவிட்டார். முதல் முட்டைப் பாதியை அவரே எடுத்தார். மூன்றாவதில் மூக்கைச் சிந்தினார்.

“பிசாசு இல்லேன்னு எவ சொன்னா?” என்று தண்ணீர் கேட்டார். தண்ணீருக்குக் காந்தாரி அடங்காது. எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் அந்தக் காரம் கரையும். மருமகள் ஒரு துண்டு பிளம் கேக்கை நீட்டினாள். அதைக் கடித்துக்கொண்டே மைனி இன்னொரு கையைச் சட்டியின் பக்கம் கொண்டுபோனார். ஏழு குழியும் காலி.