காவலன் யார்?

நெருப்பென்றால் நீர் ஊற்றி அணைக்கலாம். வெள்ளமென்றால் கரை கட்டித் தடுக்கலாம். கொள்ளை நோயென்றால் மருந்து தேடலாம். அணைக்க முடியாத, மருந்தும் காணாத பொருளொன்றை மனிதன் தன் கையாலேயே ஆக்கி வைத்திருக்கிறான். அணு உலையிலே எரிந்து முடிந்த எரிபொருள்தான் அது. அதன் கொடுமையைத் தணிக்கவல்லது காலம் ஒன்றே. எவ்வளவு காலம்? அதிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறைவதற்கு மட்டும் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள்! கரிகாலன் கல்லணை கட்டி 2,000 ஆண்டுகள் என்று பெருமை பேசுகிறோம். அதைப்போல் பன்னிரண்டு மடங்கு!

அத்தனை காலம் காவல் வேண்டும் பொருளுக்குக் காவலன் யார்? தோழர்களே, இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி இதுதான்.

"விஞ்ஞானத்தை வெறுக்கிறீரோ?" என்று சிலர் வினவக்கூடும். பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றவர்கள் நாம், விஞ்ஞானத்தை வெறுப்போமா? கேள்வி கேட்பதே பகுத்தறிவு. கேள்வி கேட்காதே என்பது எந்தக் கோயிலிலிருந்து வந்தால் என்ன, எந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் என்ன?

விஞ்ஞானத்திலே வித்தகர்கள் நிறைந்த நாடு ஜெர்மனி. அங்கே ஆஸ்ஸே என்னுமிடத்தில் ஒரு பழைய உப்புச் சுரங்கம். 1967 முதல் 1978 வரை, ஏறக்குறைய 1,26,000 பீப்பாய்களில் கதிரியக்கக் கழிவை அதனுள்ளே இறக்கினார்கள். 'ஆராய்ச்சிச் சுரங்கம்' என்று பெயரிட்டார்கள். அதே மலையிலே அருகிருந்த இரு சுரங்கங்கள் அதற்கு முன்பே நீர் புகுந்து மூழ்கிப் போனவை! அந்தப் பாடம் அவர்கள் காதில் ஏறவில்லை. 1988 முதல் இந்தச் சுரங்கத்திலும் நீர் கசிந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் அளவுக்கு! கதிரியக்கம் கலந்த உப்புநீர் உள்ளே தேங்கிய செய்தி 2008இல்தான் ஊரறிய வெளிப்பட்டது.

எப்படி மறைந்திருந்தது இத்தனை காலம்? சுரங்கத்தை நடத்தியது ஆராய்ச்சி நிறுவனம். பொருந்திய சட்டமோ சுரங்கச் சட்டம். அணுசக்திச் சட்டத்தின் கண்டிப்பான கண்கள் அங்கே நுழையவில்லை. 2009இல்தான் பொறுப்பைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் மாற்றினார்கள். புதைத்ததைத் தோண்டியெடுக்க 2013இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். பீப்பாய்களோ இன்னும் மண்ணுக்கடியில்! புதைத்தது பதினோரு ஆண்டு வேலை. மீட்பதோ தலைமுறை வேலை.

பின்லாந்திலே வேறு காட்சி. அங்கும் பாறைக்குள்ளே, 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், புதைகுழி அமைத்திருக்கிறார்கள். ஆனால், "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைச் சட்டம் உள்ளூர் மன்றத்துக்கே தந்திருக்கிறது. யூராயோக்கி மன்றம் 2000இல் இசைவு தந்தது. அதன் பின்னரே, 2001இல், பாராளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஊரைக் கேட்டார்கள், பிறகு உளியை எடுத்தார்கள்!

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கூடங்குளத்திலே தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இயங்குகின்றன. திட்டமோ ஆறு உலைகளுக்கு. எரிந்து முடிந்த எரிபொருளுக்கு உலைக்கு வெளியே ஐந்தாண்டுக்குள் சேமிப்பகம் வேண்டும், நிரந்தரமான ஆழ்நிலப் புதைகுழியும் விரைந்து வேண்டும் என்று 2013 மே திங்களில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தாண்டு போயிற்று. 2018இல் அவகாசம் கேட்டார்கள். 2022 ஏப்ரல் வரை கிடைத்தது. சேமிப்பகம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க 2019 ஜூலை 10ஆம் நாள் இராதாபுரத்தில் கூட்டமென்று அறிவித்தார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். நிரந்தரப் புதைகுழியோ? இப்போதைக்குத் தேவையில்லை என்கிறது டெல்லி!

"அது கழிவல்ல, செல்வம், மறுசுத்திகரிப்புச் செய்வோம்" என்பார்கள். செய்யட்டும். செய்த பின்னும் கடும் கதிரியக்கக் கழிவு எஞ்சும். அதைக் கண்ணாடியோடு உருக்கி உறையிட்டுக் காக்கத்தான் வேண்டும். எங்கே? யார்?

காவலனாகச் சுட்டப்படுவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983இல் நிர்வாக ஆணையால் பிறந்தது. அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே அமர்ந்தது. அந்த ஆணையத்தின் தலைவர் யார்? உலைகளை நடத்தும் அணுசக்தித் துறையின் செயலாளரே! என் நாடகத்திலே ஒரே நடிகனைக் குற்றவாளியாகவும் நீதிபதியாகவும் மேடையேற்றினால் அவை சிரிக்கும். டெல்லியோ அதையே ஆட்சிமுறை என்றது. 2012இல் தணிக்கைத் தலைவரின் அறிக்கை இந்தக் குறையை எடுத்துரைத்தது. விதி மீறினால் தண்டம் 500 ரூபாய் என்ற வேடிக்கையையும் எடுத்துக்காட்டியது. தனி ஆணையம் அமைக்க 2011இல் வந்த மசோதா, 2014இல் மக்களவையோடு காலாவதியாயிற்று. வாரியத்துக்குச் சட்டத் தகுதி கிடைத்தது 2025 டிசம்பரில்தான். அதே சட்டம் தனியார் முதலாளிக்கும் அணுமின் துறையின் கதவைத் திறந்துவிட்டது! இலாபம் நுழையும் இடத்திலே காவல் இரட்டிப்பாக வேண்டாமா?

சட்டத் தகுதி மட்டும் சுதந்திரமாகிவிடாது. வாரியத்தின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் அணுசக்தித் துறையின் நிழலும் விழலாகாது. வாரியம் பாராளுமன்றத்துக்கே பதில் சொல்ல வேண்டும். ஆய்வறிக்கைகள் நெல்லைச் சீமையின் மீனவனும் உழவனும் படிக்கும் தமிழிலே வெளிவர வேண்டும். அணுசக்தி மத்தியப் பட்டியலில் இருக்கலாம். கழிவு கிடப்பதோ நம் மண்ணில். ஆகவே மேற்பார்வையில் மாநிலத்துக்கு இடம் வேண்டும். 'தற்காலிகச் சேமிப்பகம்' நிரந்தரக் கல்லறையாக மாறாதென்பதற்குத் தேதியிட்ட உறுதி வேண்டும்.

தோழர்களே! தெருமுனைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள், படிப்பகங்களிலே விவாதியுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்க வருபவரிடம், 24,000 ஆண்டுக் காவலுக்குக் கணக்குக் கேளுங்கள். இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை. அவர்களுக்காகவும் நாம்தான் கேட்டாக வேண்டும்.