பலகையில் இருக்கும் தமிழ்

மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளில் முக்கியமானது நடை. மேடு கூடாது, படி கூடாது. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவை அவர் ஐந்தே நாளில் வெறுத்துவிட்டார். “குளத்தையே சுத்திச் சுத்தி வர நான் என்ன செக்கு மாடா?”

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை கோலா செபெத்தாங்குக்கு அழைத்துப் போனேன். தைப்பிங்கிலிருந்து மாத்தாங் வழியாகக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆற்றோரம் ஒரு மீனவர் ஊர். சமதரை. சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

உண்மையில் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா போன் செய்து என் உச்சரிப்பைத் திருத்துவார். சென்ற ஆண்டு ரயில் வரலாறு பற்றி ஐந்து நிமிடத் தகவல் ஒன்று வாசித்தேன். “1885-இல் ஆங்கிலேயர்கள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் ரயில் பாதையைப் போட்டார்கள்.” அன்று போன் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போர்ட் வெல்ட் என்பது கோலா செபெத்தாங்கின் பழைய பெயர். ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயரை வைத்திருந்தார்கள். தைப்பிங்கில் தோண்டிய ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இப்போது தண்டவாளம் இல்லை. கடைத்தெருவில் பழைய டிக்கெட் கூண்டும் பெயர்ப் பலகையும் மட்டும் நிற்கின்றன. பலகையில் ரூமி, ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகள்.

அங்கிருந்துதான் நடையைத் தொடங்கினோம். சில அடிகளில் ஆறு. படகுகள், வலைகள், கருவாட்டு வாசம். சேறு கலந்த தண்ணீருக்கு அப்பால் மாத்தாங் சதுப்புக் காடு. அங்கே பாக்காவ் மரத்தை முப்பது ஆண்டு வளரவிட்டு வெட்டிக் கரியாக்குகிறார்கள். பாலத்தின் மேல் நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். அப்பா கீழே நின்று, இறங்கு இறங்கு என்று கை காட்டிக்கொண்டிருந்தார். பிறகு வேறு சந்து வழியாகத் திரும்பினோம். மெதுவாக நடந்தும் ஒரு மணி நேரம்தான். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். பசியாறுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறால் மீ சாப்பிட்ட வயிற்றோடு நடக்க மனம் வராது.

மறுபடி பலகைக்கு வந்ததும் அப்பா அதன் கீழே உட்கார்ந்துகொண்டார்.

“வெள்ளைக்காரன் போட்டான்னு ரேடியோல சொன்னியே. அவன் ஒரு கட்டையையாவது தூக்கினானா?”

எனக்குப் பதில் வரவில்லை.

“உன் தாத்தா கேங்கில இருபத்தெட்டு வருஷம். தண்டவாளத்தைச் சுத்தியலால தட்டுவாரு, சத்தத்தைக் கேட்டே எங்க தளர்ந்திருக்குன்னு சொல்லிடுவாரு. அவரு வேலை செஞ்சது இந்த லைன் இல்ல, தாப்பா ரோட்டுப் பக்கம். இருந்தாலும்மா...”

அதோடு நிறுத்திக்கொண்டார். தே தாரிக் வாங்கி வந்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கே தேடியிருக்க வேண்டியதை இப்போது தேடினேன். இந்தப் பாதையில் வேலை செய்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் தொழிலாளர் படையினர். அதன் பிறகு நாடெங்கும் நீண்ட பாதைகளில் கல்லும் கட்டையும் சுமந்தவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியத் தமிழர்கள். நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் அங்கே உழைக்காமல் இல்லை. ஆனால் என் தகவலில் இவர்கள் ஒருவருமே இல்லை. ‘போட்டார்கள்’ என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் விழுங்கிவிட்டேன். தேர்வுக்குப் படித்த வாக்கியம் அப்படியே வாயில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அதே ஐந்து நிமிடத்தை மறுபடி வாசித்தேன், சென்ற ஆண்டு தவறாகச் சொன்னேன் என்ற முன்னுரையோடு. பலகையைச் சொன்னேன், இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சொன்னேன், பெயர் சொல்லாமல் தாத்தாவின் சுத்தியலையும் சொன்னேன்.

ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வருவதற்குள் போன்.

“தண்டவாளம்னு சொல்லும்போது ‘ள’ சரியா விழலம்மா. நாக்கை நல்லா மடக்கு.”