புத்தகத்தைச் சொல்லிக் கொடுப்பவர் வேண்டும்

1981 ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துபோயிருந்தது. அங்கே அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பதை உலகம் அறியும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் எம் மக்கள் வெளியேறியபோது, ஊர் வாசிகசாலை அலுமாரிகளில் விட்டுவந்த புத்தகங்களுக்குக் கணக்கு இல்லை.

புத்தகங்களோடு இன்னொன்றையும் இழந்தோம். "இது உனக்கு ஏற்றது, கொண்டுபோய் வாசி" என்று சொல்லுகின்ற மனிதரை இழந்தோம்.

குரும்பசிட்டியில் அப்படி ஒருவர் இருந்தார். ஆசிரியரான கனக. செந்திநாதனை (1916–1977) மக்கள் 'நடமாடும் நூல்நிலையம்' என்றே அழைத்தனர். நூல்களைத் தேடிச் சேர்த்ததுடன் அவர் நின்றுவிடவில்லை. ஈழத்து எழுத்தாளர் பலரை வாசகருக்கு அறிமுகப்படுத்தி எழுதினார். 'ஈழகேசரி'யை 1930இல் தொடங்கிய நா. பொன்னையாவும் அதே ஊரவரே. செம்மண் தோட்டங்களுக்குப் பேர்போன ஒரு கிராமம் எழுத்தையும் வளர்த்தது. கமமும் வாசிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று எதற்கு?

"வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, புத்தகம் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில், கடன்பட்டாவது பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுதி வாங்குகின்றோம். பரீட்சை முடிந்ததும் அது மூலைக்குப் போகின்றது. புத்தகம் என்றால் பரீட்சைக்கு உரியது என்று பிள்ளை எண்ணிவிடுகின்றது. இதுவே எமது கவலை.

வயதுக்கும் தேவைக்கும் ஏற்ற நூல்கள் தமிழில் உண்டு. காணி திரும்பக் கிடைத்து மீண்டும் பயிரிடுகின்றவர், மசனோபு புகுவோகா என்ற யப்பானிய விவசாயியின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைப் படிக்கலாம். அவர் சொல்வதெல்லாம் எம் மண்ணுக்குப் பொருந்தாது. அரைப் பரப்பில் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு டொக்டர் எம்.கே. முருகானந்தன் எழுதிய 'தாயாகப் போகும் உங்களுக்கு' இருக்கின்றது. கதை விரும்புவோர் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை (1973) எடுக்கலாம். அது தண்ணிமுறிப்புக் கமக்காரரின் வாழ்வைச் சொல்லும் நாவல். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) எமது சமூகத்தின் சாதிக் கொடுமையை எமக்கே காட்டும். முகாம்களில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய நாம் அதைப் படிக்கவே வேண்டும். சிரிக்க விரும்புவோருக்கு அளவெட்டி தந்த மஹாகவியின் 'குறும்பா' (1966) உண்டு.

இவற்றை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் இலவசமாகத் தருகின்றது. இன்று பல வீடுகளில் கைத்தொலைபேசி இருக்கின்றது. பிள்ளை அதில் திறந்து கொடுக்க, மூக்குக்கண்ணாடி இல்லாத அப்புவுக்கு ஒருவர் உரத்து வாசிக்கலாம். அந்நாளில் வாசிகசாலைத் திண்ணையில் பத்திரிகை வாசித்ததும் அப்படித்தானே?

மீள்குடியேறிய ஊர்களிலும், இன்னும் காணிக்குக் காத்திருப்போர் வாழும் இடங்களிலும் சனசமூக நிலையக் கட்டடம் எழும்பினால் மட்டும் போதாது. அலுமாரிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தலைவர் வீட்டில் வைத்தால் அது கறையானுக்கே பயன்படும். புத்தகம் தொலையலாம், கிழியலாம். வாசிக்கப்பட்டுக் கிழிவது நட்டமல்ல.

எனவே நாம் கேட்பது இதுதான். மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, பங்கின் அன்பியமோ எதுவானாலும், மாதக் கூட்டத்தின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தாம் வாசித்த ஒரு நூலைப் பற்றி ஒருவர் எழுந்து சொல்லட்டும்: அதில் என்ன இருக்கின்றது, யாருக்கு உதவும், எங்கே பிடிக்கவில்லை. பின்னர் அதை அடுத்தவர் கையில் கொடுக்கட்டும். இதற்கு நிதி வேண்டாம், திட்ட அறிக்கையும் வேண்டாம். செந்திநாதனைப் போன்ற ஒருவர் ஊருக்கு ஒருவராவது மறுபடி உருவாக, அந்தப் பத்து நிமிடம் போதிய தொடக்கமாகும்.