உள்ளே வைத்துத் தைப்பவை

“அறுவையின்போது உள்ளே ஏதோ வைத்துத் தைத்துவிட்டனராம்” என்று கலங்கும் குடும்பங்கள் பல. குருதியைத் தடுப்பதற்காக அவ்வாறு வைக்கப்படும் பொருள்களுள் உடலோடு விடத்தக்கவை எவை, தகாதவை எவை என்பது தெரிந்தால் கலக்கத்தில் பாதி நீங்கும். ஆதலின் இம்மாதம் அவற்றைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம்.

குருதியை நிறுத்துவது உண்மையில் உடலே. இரத்தக்குழாய் அறுபட்டவுடன் குருதித் தட்டுகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்கின்றன; ஃபைப்ரின் என்னும் இழைகள் அவற்றின்மேல் வலைபோல் பின்னுகின்றன. சிறு குழாய்க்கு இது போதும். பெரிய குழாயிலோ, பாயும் குருதி உறைகட்டியை அடித்துக்கொண்டு போய்விடும். முற்காலத்தில் அதற்குக் கண்ட வழி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது! பிரெஞ்சுப் படை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே 1552-ஆம் ஆண்டில், கால் துண்டிக்கும்போது சுடுவதை விடுத்துக் குழாயை நூலால் கட்டினார். இன்றும் பெரிய குழாய்க்கு நூற்கட்டு இன்றியமையாத துணையாகும்.

எலும்பை எவ்வாறு கட்டுவது? அதன் நுண்துளைகள்தோறும் குருதி ஊறும். இலண்டன் மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி 1892-இல் இதற்கென ஒரு மெழுகை அறிவித்தார். தேன்மெழுகு ஏழு பங்கு, வாதுமை எண்ணெய் ஒரு பங்கு, சிறிது சாலிசிலிக் அமிலம். ஆம், மெழுகுதிரி வார்க்கும் அதே தேன்மெழுகுதான். அது குருதியை உறையச் செய்வதில்லை. ஓட்டைப் பானையை அடைப்பதுபோல் துளையை அடைக்கிறது, அவ்வளவே. இதய அறுவைக்காக மார்பெலும்பைப் பிளக்கும்போது இன்றும் அது பயன்படுவதுண்டு. ஆனால் மெழுகை உடல் கரைப்பதில்லை. அது தங்கிய இடத்தில் எலும்பு கூடுவது தடைப்படும், கிருமிகளும் குடிகொள்ளலாம். எனவே மிகக் குறைவாகத் தடவுவதே முறை.

தாமே கரையும் பொருள்கள் 1940-களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தன. தாவர நாரை வேதிமுறையில் மாற்றிச் செய்த செல்லுலோஸ் துணி ஒன்று. பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலாட்டினை நுரைக்க அடித்து உலர்த்திய பஞ்சு மற்றொன்று. இப்பஞ்சு தன் எடையைப்போல் பன்மடங்கு குருதியை உறிஞ்சி, கட்டடத்திற்குச் சாரம்போல் உறைகட்டியைத் தாங்கி நின்று, நான்கு முதல் ஆறு வாரங்களில் கரைந்துபோகும். இதற்கும் ஒரு குறை உண்டு: நனைந்தால் உப்பும். முதுகுத்தண்டு போன்ற குறுகிய இடத்தில் அது நரம்பை நெரித்துவிடக் கூடுமாதலால், குருதி நின்றதும் எடுத்துவிட வேண்டும். பன்றி, மாடு ஆகியவற்றிலிருந்து பெறும் பொருள் தம் உடலில் சேர்வதை விரும்பாத நண்பர் எவரேனும் இருந்தால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடலின் உறையும் ஆற்றலே குன்றியிருந்தால் பஞ்சு நனையுமேயன்றிக் குருதி நில்லாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் முதலிய மாத்திரைகள் உட்கொள்வோர் அதை மறவாது மருத்துவரிடம் கூற வேண்டும். தாமாக நிறுத்துதலோ கூடவே கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்க்கு அது உயிருக்கே கேடாகலாம். உறையும் ஆற்றல் குன்றியவர்க்கு உதவுவது ஃபைப்ரின் பசை. மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுத்த ஃபைப்ரினோஜன், திராம்பின் என்னும் இரு நீர்மங்கள் காயத்தின்மேல் கலந்தவுடன் பசையாய் இறுகுகின்றன.

இவை யாவற்றினும் மிகுதியாகப் பயன்படுவது சாதாரண வலைத்துணியே. அது கரையாது, தவறி உள்ளே தங்கினால் பெருந்தீங்கு. ஆகவேதான் அறுவைக்கு முன்னும், தைப்பதற்கு முன்னும் துணிகளை எண்ணிச் சரிபார்க்கின்றனர். எக்ஸ்ரே படத்தில் தெரியும் இழையும் அவற்றில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் விபத்தில் கல்லீரல் சிதைந்து குருதி அடங்காதபோது, வேண்டுமென்றே துணிகளை அழுத்தி வைத்து, ஓரிரு நாள் சென்றபின் மீண்டும் திறந்து எடுப்பதுண்டு. இது கவனக்குறைவன்று, உயிர் காக்கும் முறை. எத்தனை துணிகள் வைக்கப்பட்டன, எந்நாளில் எடுக்கப்படும் என்பன நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்படுதல் வேண்டும். அதை உறவினர் தயங்காமல் கேட்டறியலாம்.