ரெண்டு நாளில போயிடுமா?

தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கேக்க எங்கட வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சம். சுவருக்கு எமல்ஷன், கதவு யன்னலுக்கு எனாமல். வெளியில மழைத் தூறல், உள்ளுக்குள்ள தின்னர் மணம். பொழுதுபட்டதும் நுளம்பு வருமெண்டு அம்மா யன்னல்களைச் சாத்திவிட்டா. டெங்குக் காலம், அவவிலயும் பிழை சொல்லேலாது. அன்றிரவே அம்மம்மாவுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது.

"ரெண்டு நாளில போயிடும்" என்றார் அப்பா. பொங்கலும் முடிந்தது, மணம் போகவில்லை. அம்மம்மாவின் கட்டில் அந்த அறையிலேயே கிடந்தது. விருந்தினர் வந்து இருக்கும் விறாந்தையில் அவவைப் படுக்க வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எங்களுக்கும்தான்.

வெங்காயம் வெட்டி வைத்தோம். சாம்பிராணி போட்டோம். மணத்துக்கு மேல் இன்னொரு மணம் வந்ததே தவிர, முட்டுக்காரிக்குப் புகையும் சேர்ந்துகொண்டது.

எனாமலைக் கரைத்து வைத்திருப்பது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பான். அது ஆவியாகிப் போனால்தான் பெயின்ற் காயும். கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகும் மிச்சம் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். மாரி ஈரத்தில் காய்வதும் பிந்தும். யன்னலைச் சாத்தினால் அது எங்கே போகும்? எங்கள் நெஞ்சுக்குள்தான்.

கடைசியில் செய்தது சின்ன வேலை. அம்மம்மாவை நுளம்பு வலையோடு விறாந்தைக்கு மாற்றினோம். அறை யன்னலைத் திறந்து, ஃபானை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தோம். கதவையும் திறந்து விட்டதால் உள்ளிருந்த காற்று வெளியே போனது. மணம் குறையத் தொடங்கியது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

பெயின்ற் அடிக்க வந்த அண்ணாவிடம் "தலையிடிக்காதா?" என்று கேட்டோம். "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். பழகுவது மூக்குத்தான், நுரையீரல் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், பெயின்ற் பூசும் தொழிலை 1989இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்த அண்ணா முகத்தில் கட்டியிருந்தது ஒரு பழைய துவாய். துணி தூசியை மறிக்கும், ஆவியை மறிக்காது. பெயின்ற் வாளிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த நாங்கள் ஒரு முகமூடிக்குக் கணக்குப் பார்க்கவே இல்லை.

பொங்கலுக்கு வீடு பளிச்செண்டு இருக்கோணும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஏன் மழைக்குள், கடைசிக் கிழமையில்? ஆவணி வெயிலில் யன்னலெல்லாம் திறந்து வைத்து அடித்தால், தை வரைக்கும் நிறம் எங்கேயும் ஓடிப்போகாது. நேரமில்லையெண்டால் விறாந்தைக்கு மட்டும் எமல்ஷன் அடிக்கலாம், படுக்கையறைகளை விடலாம்.

எங்கட வீடுகளில் நிறத்தைத் தெரிவு செய்வது ஒருவர், அந்த மணத்துக்குள் படுப்பது இன்னொருவர். அடுத்த முறை வாளி வாங்க முதல் அம்மம்மாட்டையும் ஒருக்காக் கேப்பம்.