பொத்தானை அழுத்தவா ஆசிரியர்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குத் திரையும் இணையமும் வந்துவிட்டன. இனி அவற்றை வைத்துப் பாடச் செயல்பாடுகளை அமைக்க ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வீண்செலவு என்கிறார் இதுபற்றிக் கட்டுரை எழுதியிருக்கும் ஒருவர். நிபுணர்களைக் கொண்டு ஒரு முறை பாடத்தைத் தயாரித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிடலாமாம். ஆசிரியர் அதை ஓடவிட்டு வகுப்பை அமைதியாக வைத்திருந்தால் போதுமாம். மிச்சமாகும் பயிற்சிப் பணத்தில் இன்னும் கருவிகள் வாங்கலாம் என்றும் யோசனை சொல்கிறார். தனியார் டியூஷனுக்குப் போக வழியில்லாத குழந்தைகளின் ஒரே வகுப்பறையை வைத்து ஆடும் யோசனை இது. இதற்கு அவர் காட்டும் சான்றோ அவருக்கே எதிராக நிற்கிறது.

அந்தச் சான்று, மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைப் பற்றி டெல்லியில் நடந்த ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் 2019இல் வெளியிட்டது. அந்த மென்பொருள் மையங்களுக்குப் போக வாய்ப்புக் கிடைத்த மாணவர்கள் நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் கூடுதலாக முன்னேறினார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வெளியே, வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம் நடந்தது. பாதி நேரம் மென்பொருள். மீதி நேரம் சிறு குழுவோடு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பலனில் பெரும்பங்கு மென்பொருளால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது செய்தது என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று கண்டறிந்து, அந்த நிலைக்கு ஏற்ற கணக்கை அது கொடுத்தது. கட்டுரையாளர் கேட்பதோ மாநிலம் முழுவதற்கும் ஒரே காணொளி. எல்லாருக்கும் ஒன்றையே காட்டாததால் வென்ற ஒன்றை, எல்லாருக்கும் ஒன்றையே காட்டச் சொல்வதற்கு ஆதாரமாக நிறுத்தியிருக்கிறார்.

அவர் தொடாமல் விட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. குஜராத்தில் ஞான் ஷாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் கணினிவழிக் கணிதப் பாடத்தை லீ லிண்டன் சோதித்தார். முடிவுகள் 2008இல் வந்தன. சில பள்ளிகளில் வழக்கமான வகுப்பு நேரத்தின் ஒரு பகுதியைக் கணினிக்குக் கொடுத்தார்கள். வேறு சிலவற்றில் வகுப்பு முடிந்தபின் கூடுதலாகக் கணினி. பின்னதில் குழந்தைகள் 0.28 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். முன்னதில் 0.57 திட்ட விலக்கம் பின்னால் போனார்கள். ஞான் ஷாலாவின் வழக்கமான வகுப்பு கவனமாக அமைக்கப்பட்ட ஒன்று. அதன் இடத்தைக் கணினி பறித்துக்கொண்டபோது குழந்தைகள் இழந்தார்கள். கட்டுரையாளர் பரிந்துரைப்பது வகுப்பின் இடத்தைக் கணினி பறிக்கும் இந்த நிலையைத்தான், அதுவும் ஒரு மாநிலத்தின் அளவில்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு இருக்கிறது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகளை வாங்கி இறக்கினார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வின்படி, ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி 1.18 ஆனது. பொது அறிதிறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. 15 மாதத்துக்குப் பின்னும் கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை.

வடிவமைப்பு என்றாலே அது நிபுணர் வேலை என்று கட்டுரையாளர் நினைக்கிறார். வகுப்பறைக்குள் வந்து பார்க்கட்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. நான்கு நிமிடக் காணொளி இதை அழகாகச் சொல்லிவிடும். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு ஆசிரியர் இதையே வேறு மாதிரி அமைக்கலாம். முதலில் ஒவ்வொருவரும் இஷ்டப்பட்ட முக்கோணத்தை வரைந்து, கோணமானியால் அளந்து, கூட்டிச் சொல்லட்டும். ஒருத்திக்கு 178 வரும், இன்னொருவனுக்கு 183 வரும், சிலருக்குச் சரியாக 180 வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு யார் சொல்வது சரி என்று கேட்டால் வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும். அதற்குப் பிறகுதான் திரை. ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் முக்கோணத்தின் உச்சியை அடிப்பக்கத்தை நோக்கி இழுத்தால் ஒவ்வொரு கோணமும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்ல வேண்டும். பிறகு இழுத்தால், ஒரு கோணம் 180ஐ நெருங்க மற்ற இரண்டும் பூஜ்யத்தை நெருங்கும். கூடுதல் மட்டும் அசையாது. கணினி காட்டியதால் அது உண்மையாகிவிடுமா, எல்லா முக்கோணத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி அந்த இடத்தில் தானாக எழும். உச்சி வழியே இணைகோடு வரையும் நிரூபணம் அப்போது வந்தால், அது ஏன் வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

ஒரு பாடவேளையில் திரை எரிந்தது ஐந்து நிமிடம். எப்போது எரிய வேண்டும், அதற்கு முன் என்ன கேட்க வேண்டும், எந்த மாணவியின் 178ஐ எடுத்துப் பேச வேண்டும் என்பதை எந்த ஒளிப்பதிவுக் கூடத்திலும் முடிவுசெய்ய முடியாது. 2018 முதல் வந்த நம் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி உண்டு. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதிலிருந்து எதைச் சொடுக்க வேண்டும் என்பது வரை அது படிப்படியாகச் சொல்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வகுப்பில் நடக்க வேண்டியது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அங்கே அவருக்குத் துணை வேண்டும் என்கிறோம்.

ஒரு விஷயத்தில் கட்டுரையாளர் சொல்வது சரி. இப்போதைய பயிற்சிகளில் பல பயனற்றவை. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, கடைசியில் வட்டார வள மையத்தில் நாள் முழுக்கப் பிபிடி ஓடுகிறது. எப்படிக் கற்பிக்கக் கூடாதோ அப்படியே ஆசிரியர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் சத்துணவு மோசமாக இருந்தால் சமையலைத்தான் திருத்துவோம். சத்துணவையே நிறுத்தச் சொல்ல மாட்டோம்.

ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைப் பிரித்துக்கொண்டு, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளையும் முடித்துவிட்டு, இரவில் தன் சொந்த டேட்டாவில் மறுநாள் பாடத்துக்குக் காணொளி தேடுகிறவர்களைப் பற்றி எழுதும் வரியா அது? ஆசிரியர்களை நம்பிய கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001இல் தொடங்கிய ஐ.டி அட் ஸ்கூல் திட்டம் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை எடுத்தது. கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. 2020 ஜூன் 1 அன்று, கொரோனா முடக்கத்துக்கு நடுவே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, திரையில் பாடம் நடத்தியவர்கள் பள்ளி ஆசிரியர்கள்.

தமிழ்நாட்டில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என்று அறிவித்துப் பணம் ஒதுக்கியிருக்கிறோம். கருவிப் பஞ்சம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பஞ்சம் நேரத்துக்குத்தான். பாடம் அமைக்க வாரத்துக்கு இரண்டு பாடவேளை கொடுங்கள். குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிப்பதை விட்டுவிட்டு, ஒரே பாடத்தை நடத்தும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செயல்பாட்டை அமைக்கட்டும். ஒருவர் அதை வகுப்பில் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனிக்கட்டும். திருத்திய வடிவம் அடுத்த பள்ளிக்குப் போகட்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக இப்படித்தான் தங்கள் பாடங்களைச் செப்பனிடுகிறார்கள். எமிஸ் பதிவுக்குத் தனி ஆள் போடுங்கள். கட்டுரையாளர் மிச்சப்படுத்தச் சொல்லும் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

மறுப்பு எழுத நினைத்தால் அவர் குஜராத்திலிருந்து தொடங்கட்டும். ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள். ஒரு பக்கம் குழந்தைகள் ஏறினார்கள், மறுபக்கம் ஏன் இறங்கினார்கள்?