மச்சத்தை அகற்றலாமா?

பெண் பார்க்க வந்தவர்கள் கன்னத்து மச்சத்தைக் காரணங்காட்டிச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதும், மனமுடைந்த வீட்டார் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அம்மச்சத்தின் மீது வைத்துச் சுடுவதும் நாம் கேள்விப்படாத செய்திகள் அல்ல. மச்சம் மறையலாம், ஆனால், அதனிலும் பெரிய வடு ஆயுள் முழுவதும் நின்றுவிடுகின்றது.

மச்சம் நோயன்று. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்பதே மச்சமாகும். பெரும்பாலானவை எத்தீங்கும் செய்வதில்லை. இன்ன இடத்தில் இருந்தால் இன்ன பலன் என்று கூறும் மச்ச சாத்திரத்துக்கோ நம் மார்க்கத்தில் இடமே இல்லை. சகுனம் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாக விலக்கியுள்ளார்கள்.

அவ்வாறாயின் மச்சத்தை அகற்றுவது இறைவனின் படைப்பை மாற்றுவதாகாதா என்று ஐயுறுவோரும் உளர். போரொன்றில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாகவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் இவ்வனுமதி வழங்கப்பட்டது. இதனை ஆதாரமாகக் கொண்டு, குறையை நீக்குவது வேறு, பகட்டுக்காக உருவை மாற்றுவது வேறு என மார்க்க அறிஞர் பலர் பிரித்துரைக்கின்றனர். சவரத்தின்போது அடிபட்டுக் குருதி கசியும் மச்சமும், மனத்தை ஓயாது வாட்டும் மச்சமும் இவற்றுள் எவ்வகையைச் சேரும் என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிதல் நலம்.

அகற்றுவதென முடிவு செய்தால் தோல் மருத்துவரையே நாட வேண்டும். மேடாக நிற்கும் மச்சத்தை, அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, தோல் மட்டத்துக்குச் சீவி எடுப்பது ஒரு முறை. இதற்குத் தையல் தேவையில்லை. ஆனால் வேர் எஞ்சினால் மச்சம் மீண்டும் தலைகாட்டலாம். முழு ஆழத்துக்கு வெட்டியெடுத்துத் தைப்பது மற்றொரு முறை. இதில் மச்சம் திரும்புவது அரிது. மெல்லிய கோடு போன்ற தழும்பு எஞ்சும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகுடையோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுதல் வேண்டும். லேசர் ஒளியால் கரைப்பதும் உண்டு. எனினும் அது மேற்பரப்பையே தொடும். அன்றியும், சோதித்துப் பார்க்கச் சதைத்துணுக்கு எதுவும் மிஞ்சாது.

இங்கேதான் பேரிடர் பதுங்கியிருக்கின்றது. மச்சம் போன்று தோன்றுவது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். வெட்டியெடுத்ததைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் உண்மை புலப்படும். அமிலத்தாலும் சுண்ணாம்பாலும் சுட்டுவிட்டாலோ, மேலே ஆறியது போலிருக்க, உள்ளே நோய் வளரும். கடைகளில் விற்கப்படும் மச்சம் நீக்கும் களிம்புகளில் ஒன்றுக்கேனும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் சிதைந்திருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருத்தல், நாளுக்கு நாள் மாறுதல் ஆகியன அபாய அறிகுறிகள். நம் போன்ற கருநிறத் தோலினர்க்கு இந்நோய் குறைவே. வரின், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரிதும் வருகின்றது. உளூச் செய்யும்போது காலைக் கழுவும் நாம், உள்ளங்காலையும் ஒருகணம் உற்றுநோக்கினால் என்ன?

பெற்றோரே! உங்கள் மகளின் மச்சம் தீங்கற்றதாயின் அதனை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான். அகற்ற விரும்பினால், அது அவளது விருப்பமாக இருக்கட்டும். பெண் பார்க்க வந்தவரின் நிபந்தனையாக இருக்க வேண்டாம். மணமகளைத் தேர்வதில் மார்க்கப்பற்றை முதன்மையாகக் கொள்ளுமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம். கன்னத்துப் புள்ளியை எண்ணிக்கொண்டு, அவளது குணத்தைக் காணத் தவறுவோமாயின் குறை எவர் முகத்தில் இருக்கின்றது?